கப்பல் பொம்மையில் என் கைவேலை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? அம்மாவுக்கு முட்டிவலி, சொன்னால் கேட்டால்தானே, மாடி ஏறித்தான் துணி காயப்போடுவேன் என்கிறாள், எண்ணூர்க் காற்று அடித்தால் துணியெல்லாம் கரி. திடீரென்று கடிதம் எதற்கு என்று பார்ப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக்கூடாது கண்ணு.

போன வாரம் ராயபுரம் பட்டறைக்கு ஒருத்தன் வந்தான், பேர் சொல்லவில்லை. பழைய பிளிமத் காரின் மூக்கில் இருக்குமே பாய்மரக் கப்பல் பொம்மை, அதைக் கொடுத்து மெருகு போட்டுத் தா என்றான். இந்த ஊரில் அது கிடைக்கிற சாமானா? ஆசையாகத் திருப்பிப் பார்த்தேன். பாய்மரம் முன்பு முறிந்த இடத்தில் உள்ளே பித்தளைக் கம்பி, நுனி கொக்கியாக வளைத்திருக்கிறது. அந்த வெள்ளை உலோகம் சூடு தாங்காது, பற்றவைக்க முடியாது என்று மற்றவர்கள் பசை வைத்து ஒட்டுவார்கள், கம்பி கோத்து வளைப்பவன் நான் ஒருத்தன்தான். திருவொற்றியூர் சுயம்பு அண்ணாச்சியின் வண்டிக்கு நான் செய்துகொடுத்தது. பார்த்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருந்ததா, அட இது என் கைவேலையாச்சே என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நாசமாய்ப் போகிற வாய்! அவன் என்னையே பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டு, இன்னா நைனா, உன் வேலைன்னா சீக்கிரம் முடிச்சிடுவ, யாரு வண்டின்னு மட்டும் மறந்துடு, வூட்ல அக்கா தனியாதான கீறாங்க என்றான். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று பொம்மையை வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா தனியாக இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே அண்ணாச்சி வந்தார். அவர் கார் ஷெட்டை உடைத்து, காவல்காரன் திருமலையின் மண்டையில் அடித்து, கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் கப்பல் எங்க சுத்துனாலும் கடைசில உங்கிட்டதான் வரும் லட்சுமணா, வந்தா ஒரு வார்த்த சொல்லுதியா என்று கேட்டார். பொம்மை என் காலடியில் சாக்குக்குக் கீழே இருந்தது. வரவில்லை அண்ணாச்சி என்றுவிட்டேன். உன் அம்மா முகம்தான் கண்முன் வந்தது, வேறென்ன சொல்வேன்? அதிலிருந்து வாசலில் பைக் நின்றாலே வேலையை விட்டு எட்டிப் பார்க்கிறேன், அப்படித்தான் அரம் நழுவிக் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போகலாமென்றால், திருட்டுச் சாமான் வைத்திருந்தவன் என்று என்னையே உட்கார வைப்பார்கள், அதுவும் வியாசர்பாடிக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்குத் திருமலையின் பெண்சாதி பட்டறைக்கு வந்து அழுதாள். திருமலையே திருடர்களை உள்ளே விட்டுவிட்டு நாடகம் ஆடுகிறான் என்கிறார்களாம். அவன் ஆஸ்பத்திரியில் இன்னும் பேச்சில்லாமல் கிடக்கிறான், தனக்காக எப்படி வாய் திறப்பான்? பொம்மையைக் கொண்டு வந்தவன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, மறைக்கவில்லை. ஆனாலும் நாளைக் காலையில் பொம்மையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன், பொய் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை மீஞ்சூர் சித்தி வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வா என்று அனுப்புகிறேன், சித்திக்கு உடம்பு சரியில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவு டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழவேண்டும். ஜெய்பீம். இது உன் கைக்கு வரும்போது இங்கே என்ன ஆகியிருக்குமோ தெரியாது. படித்த உடனே போன் செய். அதற்குள் அம்மா திரும்பி வந்து, அப்பா தூங்குகிறார் என்று சொன்னாலும் எழுப்பச் சொல், என் குரலைக் கேட்காமல் போனை வைக்காதே.

உன் அப்பா,
லட்சுமணன்