தாழ்ப்பாள் இல்லாத கதவு

அன்புள்ள அக்கா,

இன்று அதிகாரியாக நான் சோதனைக்குப் போன மனநல இல்லத்தில் உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "குளியலறைக் கதவுல உள்தாழ்ப்பாள் எதுவும் இல்லையே?" என்று அந்த அதிகாரிக் குரலில்தான் கேட்டேன். தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகவே என் அக்கா இப்படியோர் இடத்தில் சேர மறுக்கிறாள் என்பதை விழுங்கிவிட்டேன்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு மேடம்," என்றார் நர்ஸ். "உள்ள போறவங்க பாடணும். பாட்டுச் சத்தம் கேட்டா யாரும் கிட்ட வரமாட்டாங்க."

"பாடத் தெரியாதவங்க?"

"அவங்கதான் இன்னும் சத்தமா பாடுவாங்க."

விதிகளில் பாட்டைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தாழ்ப்பாள் கூடாது என்ற விதி ஏன் வந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நீ உள்ளே தாழிட்டுக்கொண்ட அன்று நம் வீட்டுக் குளியலறைக் கதவை உடைக்க அப்பாவுக்கு எவ்வளவு நேரமானது என்பதும் தெரியும். அதை விடு.

கிளம்பும் முன் நானும் உள்ளே போனேன். நர்ஸ் சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் உனக்காக நானே பார்க்க வேண்டியிருந்தது. குளிக்கும்போது நீ பாடுவாயே, அந்தப் பாட்டில் இரண்டாவது வரி மறந்துபோய், முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. "மெதுவாவே வாம்மா. ஆனா வேற பாட்டு தெரிஞ்சா பாடு."

கதவைத் திறந்தேன். கதவிலிருந்து தள்ளி மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவரும் கதவைத் தொடவில்லை.

உன்,
சுருதி சேராத தங்கை