தகப்பனுக்கு வயது பதினேழு

கடத்தூர்
12.8.1986

முனிராஜுக்கு அப்பன் மாதையன் எழுதுவது.

உன் அம்மா நலம். செவலை மாடு கன்று ஈன்றிருக்கிறது. தக்காளியைப் பாலக்கோட்டில் கேட்பாரில்லை, தோட்டத்திலேயே விட்டுவிட்டேன். நீ ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை. அதைப் பற்றி இதில் கேட்கப் போவதில்லை.

விஷயம் இது. உன் மாமனார் பெரியண்ணன் உன் மகளைத் தத்துக் கொடுக்க நாள் குறித்துவிட்டார். வாங்குகிறவர்கள் கொள்ளேகாலத்தில் இருக்கும் அவருடைய பங்காளி வீட்டார். ஆவணி முதல் வெள்ளி. தெரிந்ததும் போய்க் கேட்டேன். "பிரசவத்துல எம் மவ பாஞ்சாலி போயிட்டா. மீசையே மொளைக்காத பையன் பெங்களூர்ல ரொட்டிக்கு மாவு பெசையறான். அவனெல்லாம் ஒரு அப்பனாங்க?" என்றார். நான் இருக்கிறேனே என்றேன். "நீங்கதானங்க சம்மந்தி, பாஞ்சாலி கருமத்தன்னைக்கு, பொட்டப்புள்ளதான, உங்க வூட்டுலயே கெடக்கட்டும்னீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். சொன்னேன்தான். இல்லை என்று நான் சாதிக்கவில்லை.

மறுநாளே தருமபுரி கோர்ட்டுக்குப் போனேன். தத்தைத் தடுக்கக் கேட்டு மனுவை நானே எழுதியிருந்தேன். உன் பள்ளிக்கூட விண்ணப்பம் தொடங்கி இந்த வீட்டில் எல்லாவற்றிலும் என் கையெழுத்துதானே. இதிலும் உனக்காக நானே போட்டேன். பையன் மைனர், ஆகவே தாத்தா பொறுப்பு என்று காரணமும் காட்டியிருந்தேன். வக்கீல் ராஜாமணி படித்துவிட்டுச் சிரித்தார். "பெரியவரே, இதுல உங்களுக்கு என்னங்க வேலை? பையன் உசுரோட இருக்கானா இல்லியா?" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தை வாங்கி நானே படித்தேன். மைனர் அடுத்தவர் பிள்ளைக்குக் கார்டியன் ஆக முடியாது. தன் பிள்ளைக்கு ஆகலாம். தகப்பன் இருக்கும்போது தத்துக் கொடுக்கும் உரிமையும் அவனுக்கே. பாட்டன்மார் இருவருக்கும் அதில் இடமில்லை. சட்டம் எழுதியவர்கள் பதினேழு வயதுப் பையனை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

பெரியண்ணனுக்கும் இது தெரிந்துவிட்டது. உன்னைத் தேடி ஆள் வருவான், காகிதம் நீட்டுவான். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே.

குழந்தையைப் பார்த்தேன். பார்க்கவென்று போகவில்லை, பேசிக்கொண்டிருந்தபோது உன் மாமியார் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இடது காதுக்கு மேல், உனக்கு இருப்பது போலவே, குண்டூசி நுழையும் அளவு ஒரு துளை. வேறு எழுத ஒன்றுமில்லை.

பதினாறில் உனக்குக் கட்டிவைத்தது நான். கருமத்தன்று அப்படிப் பேசியதும் நான். அதை நீ எப்படி வைத்துக்கொண்டாலும் சரி. கொடுக்க மாட்டேன் என்று நீ வந்து சொன்னால் குழந்தை இங்கே வளரும். உன் அம்மா தொட்டில் கட்டிவிட்டாள். கொடுப்பதென்று நீ முடிவு செய்தால் நான் குறுக்கே நிற்க முடியாது.

ஒன்று மட்டும். காகிதம் போதாதாம்; பிள்ளையைக் கையில் தூக்கிக் கொடுத்தால்தான் தத்து செல்லும். உனக்குப் பதிலாக நீ சொல்லும் ஆள் கொடுக்கவும் சட்டம் விடுகிறது. அதற்குச் சம்மதிக்காதே. உனக்குப் பதிலாக இதுவரை நடந்தது போதும். கொடுப்பதானாலும் நீயே வந்து அவளைத் தூக்கிக் கொடு.

வெள்ளிக்கு முன் வா. நன்றாக இரு.

மாதையன்