உலைக்குள் நிற்காத மணல்

மார்ச் 4, திங்கள்
காலையில் மூடுபனி. அம்பிட்டிய பஸ் வழக்கம்போல் தாமதம். வாங்க: லீக்ஸ், போஞ்சி, மின்குமிழ் ஒன்று.

மருமகள் தேவகியின் கணினி சாப்பாட்டு மேசையில் மூன்றாவது நாளாக ஓடுகிறது. கம்பளைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு உமி எரிக்கும் உலை. அடியிலிருந்து காற்று ஊத, சூடான மணல் கஞ்சிபோல் கொதிக்க வேண்டும்; உமி அதற்குள் எரியும். கட்டுமுன் கணினிக்குள் நடத்திப் பார்க்கிறாள். ஒவ்வொரு துகளும் எங்கே போகிறது என்பதுவரை கணக்கு. மணலை அளந்து கொடுத்தவள் நான். இருநூறு துகள், நுணுக்குக்காட்டியில். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த கண்.

மார்ச் 5, செவ்வாய்
வெயில். தேவகி சாப்பிடவில்லை. திரையில் மணல் முழுவதும் புகைபோக்கி வழியாக வெளியே.

“அடங்க மாட்டேங்குது அத்தை. காத்தைக் குறைச்சா உமி எரியாது. நான் எழுதுன கணக்குலதான் எங்கயோ தப்பு.”

“சாப்பிட்டுட்டுத் தேடு. பட்டினி கிடந்தா மணல் இறங்கிடுமா?”

சிரிக்கவில்லை. வியாழனுக்குள் சரிவராவிட்டால், உலை வேண்டாம் என்று தொழிற்சாலைக்குச் சொல்லிவிடுவாளாம். இரண்டு வருட உழைப்பு.

மார்ச் 6, புதன்
மழை. அளவுக் கொப்பியைத் திறந்தேன். என் எழுத்து, அடித்தல் இல்லாமல் ஒரே நிரலாக எண்கள். ஆனால் எல்லாம் ஆரை, விட்டத்தில் பாதி. கொன்வென்டில் சிஸ்டர் பழக்கியது: வட்டத்தைக் கண்டால் முதலில் பாதியாக்கு. கை தானாகப் பாதியாக்கியிருக்கிறது. நிரலுக்குத் தலைப்பும் இல்லை. அவள் அதை விட்டம் என்று எடுத்திருக்கிறாள். பாதி அளவு மணல். பறக்காமல் என்ன செய்யும்?

கொப்பியை மூடிவைத்து அரை மணி நேரம் போஞ்சி நறுக்கினேன். சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை என்றும் நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு போய்ச் சொன்னேன். “தப்பு உன்னோடது இல்ல. என்னோடது.”

கொப்பியைப் பார்த்தாள். “அஞ்சு நாள், அத்தை!” கதவு சாத்தும் சத்தம். பதினைந்து நிமிடம். திரும்பி வந்து, “ரெண்டால பெருக்கிட்டா சரி.”

“சரியில்ல. மறுபடி அளக்குறேன்.”

“இருநூறுமா?”

“இருநூறும். நீ பயப்படாத. துகள் ரெண்டு மடங்கு அகலமானா, அதே நிறை மணலுக்கு எண்ணிக்கை எட்டுல ஒண்ணு. ஒரே நாள்ல ஓடி முடியும்.”

“அதை நான்ல உங்களுக்குச் சொல்லணும்!”

அவள் பெருக்கி ஓட்டினாள். நான் அளந்தேன்.

மார்ச் 7, வியாழன்
அளந்து முடிந்தது. கண் எரிச்சல். பெருக்கியதற்கும் அளந்ததற்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை.

மாலை நான்கு மணி. மணல் எழும்பியது, புரண்டது, இறங்கியது. கீழேயே நின்றது. தேவகி பார்த்துக்கொண்டே இருந்தாள், தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு கம்பளைக்கு அழைத்தாள்.

“நாளைக்கு வர்றோம் சேர்... ஆமா, ரெண்டு பேர். மணல் அளந்தவங்களும் வர்றாங்க. முதல்ல எங்க தப்பு நடந்துச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க.”

என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

நாளைக்கு: நீலச் சேலை. இஸ்திரி.