சிவப்பை எடுத்த கை

என் செல்ல வடிவு,

எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது வருவதற்குள் நீ போய்விட்டாய். இருந்தாலும் உனக்கு எழுதுகிறேன். வாய்விட்டுப் பேசினால் அம்மா முழித்துவிடுவாள். அடுப்படியில் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் ஓலைப்பெட்டி என் தலைக்கு நேர் மேலே, பரணில் இருக்கிறது. இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் என் கையைப் பிடித்தது நீதானா?

நீ போன பிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமோ என்னவோ. இரட்டைப் பிள்ளைகளான நம் இரண்டு பேருக்கும் நாலு வயதில் ஒன்றாகத்தான் அம்மை போட்டது. ஒரே பாய், ஒரே வேப்பிலை. நான் எழுந்தேன், நீ எழவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நீ நம் வீட்டுக் கன்னி; சின்ன வயதில் போன பெண்பிள்ளையை அப்படித்தான் சாமியாக்கிக் கும்பிடுவார்கள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உனக்குப் புதுத்துணி எடுத்து, படைத்து, பெட்டியில் வைப்பார்கள். போன வருஷம் வைத்தது என்னிடம் வரும். என் இடுப்பை அளந்துதான் அம்மா உனக்குப் பாவாடை தைக்கக் கொடுப்பாள். பெட்டிக்குள் நீயும் என்னோடு வளர்ந்துகொண்டே இருக்கிறாய். இந்த வருஷம் உனக்குத் தாவணி, மயில்கழுத்து நிறம். எனக்கே இன்னும் தாவணி எடுக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் வந்த அம்மைய அவ ஒருத்தியே வாங்கிக்கிட்டா. ஒனக்காகத்தாம்ட்டி அவ போனா." அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். ஆனால் அதில் ஒரு தெம்பும் இருந்தது. ஏதோ ஒரு காரியத்துக்காக என்னை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பரிணாமம் என்று ஒரு பாடம் வந்தது. தவளை எக்கச்சக்கமாக முட்டை போடும், எல்லாம் தவளையாவதில்லை என்றார் டீச்சர். ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம் இருக்குமாம். இருக்கிற இடத்துக்கு ஒத்துப்போவது பிழைக்குமாம், மற்றது போய்விடுமாம். இது இருக்கட்டும், அது போகட்டும் என்று யாரும் பார்த்துப் பொறுக்குவதில்லையாம்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியவில்லை. "டீச்சர், பிழைக்காதது எதுக்குப் பொறந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள், "ஏட்டி கோமதி, தவளைக்குஞ்சுக்குக் கருமாதி வைக்கப் போறியா?" என்றாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படிங்கிறதுதான் பாடம். எதுக்குங்கிறது சிலபஸ்ல இல்ல. உக்காரு."

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதோ, இந்தச் சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. அதன் காலில் ஐந்து விரல். என் கையையும் விளக்குப் பக்கம் நீட்டிப் பார்த்துக்கொண்டேன். எங்கேயோ, எப்போதோ, அதுவும் நானும் சொந்தமாம். பல்லிக்காக அதன் தங்கச்சி செத்துப்போகுமா? நீ பிறக்கும்போதே கைக்குள் அடங்குகிற பிள்ளையாம், நான் மொழுமொழு என்று இருந்தேனாம். வயிற்றுக்குள்ளேயே உன் பங்கையும் நான் தின்றுவிட்டேனா? அம்மைக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது என்றால், நீ எனக்காகப் போகவில்லை. சும்மா போயிருக்கிறாய். நானும் சும்மாதான் இருக்கிறேன். இதில் எது அதிகப் பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றைக்கு உனக்குப் படைப்பு. கரிவலத்து அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டுவிட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணமா, மேலே பிளஸ் ஒன்னா என்று உன்னிடம் பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். புளியங்குடி எலுமிச்சங்கடைக்கு அப்பா லீவு சொல்லிவிட்டார். ஒரு வெற்றிலைக்குள் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் கட்டி வைத்தாள். கன்னியின் பழைய துணியை உடுத்தியிருப்பவள்தான் எடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அவள் கைதான் கன்னியின் கை. உன் பச்சைப் பாவாடையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"தாயி வடிவு, ஒங்க அக்கா மேல படிக்கணும்ங்கா. படிக்கட்டும்னா வெள்ளையக் குடு. கல்யாணம்னா செவப்பக் குடு."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். சிவப்பு.

அம்மா பிரித்த வெற்றிலையை மறுபடியும் மடித்து நூல் கட்டினாள். "சின்னப்பிள்ளைதான. பிளஸ் ஒன்னுன்னா அவளுக்கு என்ன தெரியும்?"

அப்பா சிரித்தார். "தாவணி உடுத்துத அளவுக்கு வளந்துட்டா, பிளஸ் ஒன்னு தெரியாதாக்கும்?"

"நீங்க சும்மா கெடங்க. நான் வெவரமாக் கேக்கேன்." பெட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "ஏட்டி, அது பதினோராங் கிளாசு. இங்கனயே பள்ளிக்கூடம் இருக்கு. பஸ் ஏற வேண்டாம்."

மறுபடியும் எடுத்தேன். அந்தத் தடவை நான் தடவித் தேடவில்லை, வடிவு. கை தானாகப் போய் எடுத்தது. சிவப்பு.

அப்பா சிரிக்கவில்லை. அம்மா இரண்டு மடிப்பையும் மடியில் போட்டுக் குலுக்கினாள். இப்போது அவள் பேசியது சாமியிடம் பேசுவது மாதிரி இல்லை. "வடிவு, ஒன்னியத்தான் என்னால வளக்க முடியல. இவளையாவது..."

எடுத்தேன். வெள்ளை.

"பாத்தியளா, சொல்லிட்டா!" என்று அம்மா தேங்காயை உடைத்தாள்.

"வெள்ள வாரவரைக்கும் கேட்டா வெள்ளதான் வரும்" என்றார் அப்பா. ஆனால் சாயங்காலம் அவரே, "கரிவலத்து அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன், கோமதி படிக்கட்டும்" என்றார்.

அப்போதிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் பொறுக்குவதில்லை என்று டீச்சர் சொன்னார். நம் வீட்டில் அம்மா பொறுக்கினாள். இரண்டு தடவை வந்த சிவப்பை விட்டுவிட்டு, ஒரு தடவை வந்த வெள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூவுக்குத் தான் எதற்கு வந்தோம் என்று தெரிந்திருக்காது. அம்மா கைக்குப் போன பிறகுதான் அதற்கு ஒரு காரியம் வந்தது. நானும் அப்படித்தானா? சும்மா பிழைத்துக் கிடந்தவளுக்கு, பிறகு வந்து சேர்கிறதுதான் அந்த 'எதுக்கு' என்பதா?

ஆனால் அந்த இரண்டு சிவப்பு? அது நீ என்றால், ஏன் அப்படிச் செய்தாய்? எனக்குக் கல்யாணம் ஆனால் உன் பெட்டிக்கும் கூறைச்சேலை வரும் என்று ஆசைப்பட்டாயா? இல்லை, மேலே மேலே படித்தால் ஒருநாள் நீ இல்லை என்று நான் படித்துவிடுவேன் என்று பயந்துபோனாயா?

எனக்கும் அதே பயம்தான், வடிவு.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் போய்ப் படிப்பேன். எந்தப் பாடத்தில் என்ன எழுதியிருந்தாலும் என் இடுப்பை அளந்து உனக்குத் துணி எடுப்பேன். எனக்காகத்தான் நீ போனாய் என்று இனிமேல் யார் சொன்னாலும் தலையாட்ட மாட்டேன். நாலு வயசுப் பிள்ளை தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்றக்கூடாது. உன்னைச் சும்மா போனவள் என்றும் யாரையும் சொல்லவிட மாட்டேன்.

இந்தக் காகிதத்தை உன் தாவணி மடிப்புக்குள் வைக்கப் போகிறேன். அடுத்த தையில் தாவணி என் கைக்குத்தானே வரும், இதுவும் கூடவே வரும். அதுவரைக்கும் உன்னிடம் இருக்கட்டும்.

பெட்டியைத் திறக்க வேண்டும். இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்த அக்கா,
கோமதி