ஞாயிற்றுக்கிழமை காட்டும் மனை

அச்சு மையின் வாசனை அறை முழுவதும் நிற்கிறது. சிவகாசி அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் தாளை நேற்று மாலை மேசைமேல் விரித்தேன், இன்னும் மடிக்கவில்லை. வெம்பக்கோட்டை ரோட்டு மனைப்பிரிவுக்கான நோட்டீஸ். பச்சைப் புல், வெள்ளை வீடு, ஓடிவரும் குழந்தைகள். நம் கரிசல் காட்டில் எவரும் கண்டிராத புல். அடியில் என் பெயர், அதற்குக் கீழே ‘விற்பனை மேலாளர்’ என்ற பதவி. போன வருடம் வரை அந்த இடத்தில் உன் பெயர் இருந்தது.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். பார்த்தாயிற்று. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நோட்டீஸ் அச்சேறும். இனி இதுதான் என் தொழில் என்றாகிவிடும். திங்கட்கிழமைக்குள் சொல்லவேண்டும். கேட்பதற்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. நாலு வருடம் பேசாதவன் இப்போது கேட்கிறான் என்று நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

பதினெட்டு வருடம் பொருளாதாரம் நடத்திய கல்லூரி, சேர்க்கை குறைந்துவிட்டது என்று ஒரு கடிதத்தில் என்னை வெளியே அனுப்பியது. அந்தக் கடிதத்தை நீட்டியவன் என்னிடம் படித்தவன். ‘சார்’ என்று சொல்லித்தான் நீட்டினான். அவன் முகத்தை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. இரண்டு மாதம் வாசல் கதவைத் திறக்காமல் கிடந்தேன். படிக்கிற காலத்தில் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நீதான் பைக்கில் வந்து கதவைத் தட்டினாய்.

“எம்புட்டு நாளைக்குலே ஒரே பேப்பரத் திருப்பித் திருப்பிப் படிப்ப? வந்து எங்கூட நாலு எடம் சுத்து. பிடிச்சா இரி. பிடிக்கலன்னா ஒன்ன யாரு கட்டி வச்சிருக்கா?”

ஒரு வருடம் உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மனை பார்க்க வருபவர்களிடம் நீ அதிகம் பேசமாட்டாய். அவர்கள் முன்னால் நடப்பார்கள், நீ பின்னால் போவாய். நான்தான் பேசினேன். நிலத்தின் மதிப்பு ஏன் ஏறும், நகரம் எந்தத் திசையில் வளரும் என்று வகுப்பறையில் பேசியதையெல்லாம் வெயிலில் நின்று பேசினேன். தலையாட்டிக் கேட்டார்கள். கல்லூரியில்கூட அப்படிக் கேட்டவர்கள் குறைவு.

உன்னிடம் எனக்குப் பிடிபடாத வழக்கம் ஒன்று இருந்தது. நம் பக்கத்தில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் மனை காட்டுவார்கள். அன்று பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை. சீமைக்கருவேலங் காட்டுக்கு அப்பால் இருக்கும் கம்பெனி பூட்டிக் கிடக்கும். தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகளும் நடுவில் வேப்பமரங்களும் மட்டும் தெரியும். மதுரையிலிருந்து வருபவர்கள் அதைத் தோப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் திருத்துவதில்லை. அப்ரூவல் இருக்கிறது, காகிதத்தில் கம்பெனிக்கும் மனைக்கும் உள்ள தூரமும் சரியாக இருக்கிறது, பிறகென்ன? நீ மட்டும், பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களிடம், “வேல நாள்ல ஒருக்கா வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க” என்பாய். வேலை நாளில் வந்தால் பெண்களை இறக்கிவிடும் வேன்களைப் பார்ப்பார்கள். சாயங்காலம் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சத்தத்தைக் கேட்பார்கள். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

“வார ஆள வெரட்ட நீ ஒருத்தன் போதும்” என்று ஒருநாள் சொன்னேன்.

“வெரட்டலலே. போயிட்டு வரட்டும். திரும்பி வந்தாருன்னா அவருதான் அங்கன குடியிருக்கப் போறவரு.”

நீ ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற தம்பதிக்கு நான் தனியாக மனை காட்டினேன். ஒரு மணி நேரம் பேசினேன். அன்றே அட்வான்ஸும் வாங்கினேன். மறுநாள் நீ அவர்கள் வீடு தேடிப் போய்க் கம்பெனி விவரத்தைச் சொல்லி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாய். நேராக டீக்கடைக்கு வந்தாய். அங்கே வேறு புரோக்கர்களும் இருந்தார்கள்.

“ஒனக்கு இந்தத் தொழிலு ஆகாது. விட்டுரு” என்றாய்.

“என்ன அண்ணாச்சி, வாத்தியாரையே பெயிலாக்கிட்டீக?” என்று ஒருவர் கேட்க, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லைதான். ஆனால் அவர்களைத் தடுக்கவும் இல்லை.

அன்று எழுந்து வந்தவன், உன் வீட்டுத் தெருவுக்கு வந்தது நீ இறந்த அன்றுதான். தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது கேள். போன ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் தம்பியோடு வந்தார். பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருட வேலை. மனைக் கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு கருவேலங் காட்டுப் பக்கமே பார்த்தார்.

“மரத்துக்கு மரம் ரூமு இருக்கே. கம்பெனி மாதிரில்ல தெரியுது?”

“அது மூடி ரொம்ப நாளாச்சும்மா” என்றேன்.

“அப்பச் சரி. பக்கத்து ரூமுல என்ன சத்தம் வருமோன்னு காதத் தீட்டிக்கிட்டே பதினஞ்சு வருசம் ஓடிருச்சு, அண்ணாச்சி. வீட்லயாவது அந்த நெனப்பு இல்லாமப் படுக்கணும்.”

தம்பி சந்தேகமாக ஏதோ முணுமுணுத்தார். “சும்மா கெட. படிச்சவுக பொய்யா சொல்லப் போறாக?” என்று அவரை அடக்கிவிட்டு, அடுத்த ஞாயிறு அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

என் குரல் துளிகூடத் தடுமாறவில்லை. நீ சொன்னது தவறு. இந்தத் தொழில் எனக்கு நன்றாகவே வருகிறது. முதலாளிக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாமல் இருந்தது. ஐம்பது வயதுக்குமேல் தன்னைப் பற்றி இப்படி ஒரு செய்தி தெரியவருவது பெரிய அலுப்பு.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். புரூஃபில் என் பெயரை அடித்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓரத்தில் எழுதினேன். துணிச்சல் ஒன்றும் இல்லை, அசதிதான். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கம்பெனி ஓடுகிறது, தினமும் வேலை நடக்கிறது என்றேன்.

அந்தப் பக்கம் அவர் அதைத் தம்பியிடம் அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது.

“அப்ப அன்னைக்கு ஏன் அப்பிடிச் சொன்னீக?”

நான் நடத்திய பொருளாதாரத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“மல்லாங்கிணறுல எங்க சித்தி ஒரு எடம் சொல்லுது. பத்திரம் அது இதுன்னு எங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. வந்து பாப்பீகளா? ஞாயித்துக்கெழம விட்டா எனக்கு லீவு கெடையாது.”

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்து வருகிறேன், ஞாயிறு சேர்ந்து போகலாம் என்றேன். இதை யாரும் தொழில் என்று சொல்லமாட்டார்கள். என் மனைவி நிச்சயமாகச் சொல்லமாட்டாள்.

டீக்கடையில் வைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டாம் நீ. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இருந்த இடத்தில் இருக்கிறது. செத்துப்போனாய் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இப்போது அதன் பக்கத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்வியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் இருப்பார். அவர் மறுபடி கேட்காவிட்டாலும் நானாகவே சொல்லியாக வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.