டத்தோ பண்டார் நினைத்திருந்தால்

இன்று காலை கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டிக்கடையில் வடை வாங்க நின்றேன். சோம்பு தட்டிப் போட்ட பருப்பு வடை. அது எண்ணெயில் வேகும் வாசனை பட்டதும் நீ ஞாபகத்தில் வந்துவிட்டாயடி. வயிறு பசிக்கவில்லை, உன் வாசனைக்காகத்தான் நின்றேன் என்று வைத்துக்கொள்.

கடைக்கார அம்மா பொட்டலம் கட்டும்வரை சும்மா நிற்காமல், அங்கே தொங்கிய லைசென்ஸை வாசித்தேன். பழக்கதோஷம். இருபத்தெட்டு வருஷம் மாநகர மன்றத்தில் லைசென்ஸ் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன வாசிக்கத் தோன்றும், சொல்? பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அம்மாவின் படம். அதற்குப் பின்னால் பழைய லைசென்ஸ் ஒன்றும் செருகியிருந்தது, ஒரு மீசைக்காரரின் படத்தோடு.

"யாரும்மா இது?"

"வீட்டுக்காரரு ஆன்டி. தவறிப் போயி மூணு வருஷம் ஆச்சு. லைசென்ஸ் அவரு பேர்லதான் இருந்துச்சு. டத்தோ பண்டாருக்கு அப்பீல் லெட்டர் எழுதுனேன், என் பேருக்குப் போட்டுக் கொடுத்துட்டாங்க."

"கொடுக்க மாட்டாங்களே. சட்டத்துல இடமில்லையே."

"இருக்கு லா ஆன்டி. கவுண்டர்ல இருந்த பொண்ணுதான் சொன்னிச்சு."

அந்த வடையை நான் தின்னவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அது வேறு மன்றம், வேறு சட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த துணைச் சட்டப் புத்தகத்தை அலமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். நான் வேலை பார்த்தது எந்த மன்றம் என்று இங்கே எழுத மாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

புத்தகத்தில் அது இருக்கிறதடி. "லைசென்ஸை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது" என்பது முதல் உட்பிரிவு. பக்கத்தின் கடைசி வரி அது. பக்கத்தைத் திருப்பினால் இரண்டாவது உட்பிரிவு. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அவருடைய மனைவியோ கணவனோ பிள்ளையோ எழுதிக் கேட்கலாம். டத்தோ பண்டார், அதாவது மேயர், சரியென்று நினைத்தால், அதே இடத்தில் தொழிலைத் தொடர அனுமதிக்கலாம். அவ்வளவுதான், இரண்டே வரி. அந்தப் பக்கத்தை நான் திருப்பியதே இல்லை.

உன்னைப் போல ஓர் ஆள் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்தோம். நான் ஐந்தாம் படிவம் முடித்து அரசாங்க வேலைக்குப் போனேன். நீ கல்யாணம் கட்டிக்கொண்டு தோசைக்கல்லுக்குப் போனாய். உன் கடையும் என் கவுண்டரும் இரண்டு தெரு தள்ளி அமைந்தது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் நீயும் உன் வீட்டுக்காரரும் போட்டிருந்த அந்த வண்டியில் சாப்பிடாமல் நான் வேலைக்குப் போன நாளே கிடையாது. "மேடம் வந்துட்டாங்க, வழி விடுங்க லா" என்று லோரிக்கார அண்ணன்களிடம் நீ சத்தம் போடுவாய். எனக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டே கேட்டாய். "ஏண்டி, ஓட்டே போடாம எப்படி ஒருத்தரு ஊருக்கே டத்தோ பண்டாரா வந்து ஒக்கார்றாரு?"

"மேல இருந்து நியமிப்பாங்க."

"அப்ப அவருகிட்ட என்னதான் இருக்கு?"

நான் விரலை மடக்கிச் சொன்னேன். தெருவை மூடலாம். மரத்தை வெட்டச் சொல்லலாம். கட்டடத்தை இடிக்க நோட்டீஸ் விடலாம். நடைபாதையில் எது கிடந்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம். உன் வண்டியையும்தான் என்றேன். நீ கரண்டியால் என்னை அடிக்க வந்தாய். நான் தட்டச்சு செய்த நோட்டீஸ் எல்லாமே "மேயருக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி" என்றுதான் ஆரம்பிக்கும். எடுத்துக்கொள்ளும் அதிகாரமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கொடுப்பதற்கும் அவரிடம் ஓர் அதிகாரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் வீட்டுக்காரர் திடீரென்று போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நீ மன்றத்துக்கு வந்தாய். நேராக என்னிடம் வரலாம், ஆனால் வரவில்லை. மெஷினில் நம்பர் எடுத்து, மற்றவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து, உன் நம்பர் வந்தபிறகுதான் எழுந்து வந்தாய். நான் கையசைத்துக் கூப்பிட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாய். உன்னால் எனக்கு ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று பார்த்தாய்.

"லைசென்ஸ என் பேருக்கு மாத்தணும்டி."

"முடியாதுடி. சட்டம் அப்படி."

"டத்தோ பண்டார் நினைச்சாக்கூட முடியாதா?"

"அவருக்கே அந்த அதிகாரம் கிடையாது."

எத்தனை திமிராகச் சொன்னேன்! கவுண்டரில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் "முடியாது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு அப்படியே பழகிவிட்டது. புத்தகம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இதோடு போயிருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அடுத்த வாரம் நீ ஒரு கடிதம் கொண்டுவந்தாய். கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில், உன் கையெழுத்தில், சந்தையில் பேசிப் பழகி உனக்குத் தெரிந்த பாசார் மலாயில். "டத்தோ பண்டார் ஐயா, எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த இடத்தில்தான் என் புருஷன் நின்றார். நானும் இங்கேயே நிற்கிறேன்" என்று எழுதியிருந்தாய். மேலே நீங்கள் இருவரும் வண்டியோடு நிற்கும் படத்தைப் பின் குத்தியிருந்தாய்.

"இத மட்டும் அவரு கையில சேர்த்துருடி. போதும்."

சேர்க்கவில்லை. உன் மலாயைப் பார்த்து மாடியில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று கூச்சப்பட்டேன். வேண்டியவர்களுக்குக் காரியம் பார்க்கிறாள் என்று பேசுவார்களே என்று பயந்தேன். எப்படியும் முடியாதுதானே, எதற்கு வீண் வம்பு என்று என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் கழித்து உன் கடைக்கு வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "கொடுத்துட்டேன்டி. முடியாதுன்னுட்டாங்க."

நீ அடுப்பை அணைத்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பரவால்ல லா. எனக்காக அவ்ளோ பெரிய ஆளு வரைக்கும் போனியே, அது போதும்டி" என்றாய். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மாதமே வண்டியை எடுத்துவிட்டார்கள். நீ போர்ட் கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாய். கிடங்கு ஒன்றின் கேன்டீனில் ஷிப்ட் வேலை. இன்னொருவர் அடுப்பு, இன்னொருவர் சொல்லும் உப்பு. போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்டி, ஆனா வடை சுட விட மாட்டேங்கிறாங்க" என்று சிரிப்பாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு நெஞ்சு வலி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் நீ இல்லை. அந்த லைசென்ஸ் கிடைத்திருந்தால் நீ உயிரோடு இருந்திருப்பாய் என்று நான் சொல்ல வரவில்லை. உன் இடத்தில் நின்றிருப்பாய். நீ கேட்டதும் அவ்வளவுதானே.

உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆன்டி, அம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்க. நாங்க கஷ்டப்பட்டப்ப டத்தோ பண்டார் வரைக்கும் போய்க் கேட்டது நீங்க ஒருத்தர்தான்னு." நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு, அங்கேயே காப்பியும் குடித்துவிட்டு வந்தேன். எனக்கெல்லாம் என்ன ஜென்மமோ.

இன்று மத்தியானம் அவளுக்குப் போன் போட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எட்டு தடவையாவது நினைத்திருப்பேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். கடிதம் என்ன ஆச்சு என்று கேட்டாள். ஓய்வு பெற்ற நாளில் டிராயரைக் காலி செய்தபோது மற்ற தாள்களோடு போய்விட்டது என்றேன். அதுதான் உண்மை. அந்தப் படத்தைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.  சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப, எங்கம்மாவுக்காக யாருமே அவருகிட்ட கேக்கவே இல்லையா ஆன்டி?"

"இல்லம்மா" என்றேன்.