பொன்னி ஊதிய இமைகள்

உ

மாமல்லபுரம்,
21-7-74, ஞாயிறு.

சிரஞ்சீவி தனகோடிக்கு உன் சித்தப்பா எல்லப்பன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ஸ்தலசயனப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே அடுப்பு தினமும் எரிகிறது, மழை ஒரு தூறல் தூறியது, உன் சித்தி எல்லம்மாளுக்கு முழங்கால் வலி தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கடல் தாண்டி அந்தமானில் மரம் வெட்டும் கூப்பில் கிடக்கும் உன் சௌக்கியத்தை நீ உன் கைப்பட எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். பசு கிடாரி ஈன்றிருக்கிறது. நான் கைடு வேலையில் கொடிகட்டிப் பறக்கிறேன். போன வாரம் ஜெர்மனி தேசத்து மந்திரி ஒருவர், மந்திரி இல்லாவிட்டால் மந்திரிக்கு மச்சான், அர்ச்சுனன் தபசு முன்னால் நான் சொன்ன கதையைக் கேட்டு அழுதே விட்டார். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன், ஆனாலும் பல்லவ ராஜாவுக்கே தெரியாத சங்கதியெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊரே சொல்கிறது. அது இருக்கட்டும். போன கடிதத்தில் உன் சம்சாரம் பொன்னியின் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். ஏன் இன்னும் அனுப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

மாசி மாதம் உன் சித்திதான் முதலில் பார்த்தாள். பொன்னிக்கு இடது கண் ஓரத்தில் இமை மயிர் இல்லை, நாலைந்து உதிர்ந்த மாதிரி ஒரு சின்ன இடைவெளி. தூசி விழுந்து கசக்கியிருப்பாள் என்று விட்டுவிட்டோம். பங்குனியில் இடது கண் மேல் இமை முழுக்க மொட்டை. சித்திரை கழிவதற்குள் இரண்டு கண்ணிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. தனகோடி, இமை மயிர் போன மனுஷ முகத்தை நீ பார்த்திருக்கிறாயோ என்னவோ. அது அழுகிற முகமும் இல்லை சிரிக்கிற முகமும் இல்லை, வலையிலிருந்து உதறிப் போட்ட மீன் பார்க்கிற பார்வை. குழாயடியில் குழந்தைகள் அவள் எதிரில் நின்றுகொண்டு யார் முதலில் கண் சிமிட்டுவது என்று விளையாடும், பிறகு பயந்துபோய் ஒவ்வொன்றாகக் கலைந்துவிடும், அவள் சிமிட்டுவதே தெரியாது. கடல் காற்றில் வரும் மணலைத் தடுக்க ஒன்றும் இல்லாததால் ஓயாமல் நீர் வடிந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா வாயை அடக்குவாளா, என்னைத் தெருவில் நிறுத்தி, "அண்ணாத்த, இமை கொட்டிகினு கீது, அடுத்தது புருவம், அப்பால காது தடிக்கும், இது பெரிய வியாதிதான், பொண்ணுக்குத் தனித் தட்டு வச்சுடு, எங்க வூட்டுக் கொழந்தைங்க கீதுங்க" என்று சொன்னாள். அவளை நான் சொன்ன சொல்லில் அவள் வீட்டுக் கோழி கூட ஒரு வாரம் முட்டையிடவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் நடுக்கம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வைகாசி பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு வெள்ளைக்காரி ரதம் பார்க்க வந்தாள். அவள் கண்ணில் இருந்தது ஒட்டு இமை, பசை போட்டு ஒட்டுவது, சினிமாக்காரர்கள் வைத்துக்கொள்வது போல. நான் கதை சொன்ன அழகில் மயங்கிப் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். டப்பாவுக்குள் இரண்டு கம்பளிப்பூச்சி படுத்திருந்த மாதிரி இருந்தது. ஊர் வாயை மூட இதுதான் மருந்து என்று பொன்னிக்குக் கொடுத்தேன். ஒட்டிக்கொண்டாள், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதில் ஒன்று இல்லை. அன்றே, அதாவது மே ஒன்பதாம் தேதி, பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து நீ இறங்கினாய். உன் நடை, உன் தோள், உன்னைப் போலவே துண்டை இடது தோளில் போட்டிருந்தாய். முனியம்மா "டேய் தனகோடி" என்று கூப்பிட்டாள், அந்த ஆள் நின்று திரும்பியும் பார்த்தான். முகம் மட்டும் நீ இல்லை. யாரென்று கேட்பதற்குள் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நடந்து போய்விட்டான், அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அப்படி ஓர் ஆளைப் பார்க்கவில்லை என்கிறார்கள். அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி பொன்னியைச் செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்த் திருமணி குஷ்டரோக ஆஸ்பத்திரியில் காட்டினேன். பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொண்டுதான் வந்தாள். டாக்டரம்மா கன்னத்தில் இறகால் தடவினார்கள், குண்டூசியால் லேசாகத் தொட்டார்கள், காது மடலில் கீறி எடுத்துப் பார்த்தார்கள். என்னிடமும் யோசனை கேட்டார்கள் என்று வைத்துக்கொள். கடைசியில், உனக்கு அந்த வியாதி கிடையாது, தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், இது தானாக உதிர்ந்தது இல்லை, விரலால் பிடுங்கியது, ஏன் என்று வீட்டில் கேளுங்கள் என்றார்கள். இமை மயிர் தானாகவே சில மாதத்துக்கு ஒரு தடவை உதிர்ந்து வேறு முளைக்குமாம், ஒன்று இரண்டு விழுந்தால் பயம் இல்லையாம். பிடுங்கினாலும் வேர் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடுமாம், திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் செத்து அந்த இடம் அப்படியே நின்றுவிடுமாம். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து இமை ஓரத்தைத் துடைக்க வேண்டும், விளக்குப்புகை மை வேண்டாம், ஒருத்தர் மைக்குச்சியை இன்னொருத்தர் தொடக்கூடாது, கத்தரித்துவிட்டால் நீளமாக வளரும் என்பதெல்லாம் வெறும் பேச்சு, வாய்க்கு நல்ல கீரை மீன் முட்டை கொடுங்கள் என்றார்கள். நான் கேட்டதற்காக, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விரல் நுனியில் தொட்டு ஓரத்தில் தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் முளைக்க வைப்பது எண்ணெய் இல்லை, கையை எடுத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் என்றார்கள். நீயும் மரத்தூளில் நிற்கிறவன், கண்ணைக் கசக்காதே, கழுவு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறைக்கவே இல்லை, கடைக்குப் போய் உப்பு வாங்கிய கதை மாதிரிச் சொன்னாள். விழுந்த இமையைப் புறங்கையில் வைத்து நினைத்ததைச் சொல்லி ஊதினால் நடக்கும் என்பது நம் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதானே. ஜனவரி ஐந்தாம் தேதி முகம் கழுவும்போது தானாக ஒன்று விழுந்திருக்கிறது. அவர் கடுதாசி வரணும் என்று சொல்லி ஊதியிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் தபால்காரன் வாசலில். பொங்கலுக்கு வருகிறேன் என்று நீ எழுதியது அதுதான். பொங்கலுக்கு நீ வரவில்லை. இனித் தானாக விழும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று கையால் எடுக்க ஆரம்பித்தாளாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேண்டுதல், எப்படியாவது அவர் இங்கே வரணும். ஊதிய நாளிலெல்லாம் மாசக் காலண்டரில் மைப்புள்ளி வைத்திருக்கிறாள். எடுத்து என் கையில் கொடுத்தாள்.

தனகோடி, நான் கதை கட்டுகிறவன் என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லுவாய். இந்தக் கடிதத்திலும் பாதியைக் கழித்துக்கொள், மந்திரியைக் கழித்துக்கொள், கோழியையும் கழித்துக்கொள். தேதியைக் கழிக்காதே, அது உன் கையெழுத்து. உன் கடிதங்களை எல்லாம் எடுத்துக் காலண்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி பதினொன்றில் ஒரு புள்ளி. அன்றுதான் கயிறு அறுந்து மரம் உருண்டு உன் கணுக்காலில் இடித்தது, மேஸ்திரி உன்னை ஊருக்குப் போகச் சொன்னார், நீ நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாய். மார்ச் மூன்றில் மூன்று புள்ளி. அன்று உனக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் கிடந்தாய், கப்பலில் இடம் கூடக் கிடைத்தது, நீ ஏறவில்லை. ஏப்ரல் பத்தொன்பதில் ஏழு புள்ளி. அன்று உன் கொட்டகை எரிந்து பெட்டி படுக்கை போனது, கட்டிய வேட்டியோடு நின்றும் நீ அங்கேயே நின்றாய். மே ஒன்பதில் புள்ளி இல்லை, ஒரு சுழி போட்டிருக்கிறாள். கேட்டேன். "அது பொய் இமை மாமா, அதான் பொய் ஆளு வந்தான்" என்றாள். மே இருபதோடு புள்ளி நின்றுவிட்டது, கண்ணில் மயிர் தீர்ந்துவிட்டது. அப்புறம் ஜூனில் நீ எழுதினாய், இப்போது ஒரு தொந்தரவும் இல்லை, சௌக்கியமாக இருக்கிறேன், அதனால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

அன்றிலிருந்து அவளைப் போல டாக்டர் சொல் கேட்கிற பெண் ஜில்லாவிலேயே கிடையாது. காலையில் வெந்நீர், பஞ்சு, துடைப்பு. குளித்துவிட்டு விளக்கெண்ணெய். தினமும் முருங்கைக்கீரை, சலிக்காமல் சாப்பிடுகிறாள். கை தவறியும் கண்ணுக்குப் போவதில்லை. உன் சித்திக்கு ஒரே ஆனந்தம், பெண் தேறிவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னாள். முனியம்மாவே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது இரண்டு இமையிலும் புல் மாதிரிப் புதுசாக முளைத்துப் பாதி வளர்ந்திருக்கிறது, முன்னைவிடக் கருப்பு, முன்னைவிட அடர்த்தி. நானும் மகிழ்ந்துபோய் நேற்று மத்தியானம் அவளிடம், இனிமேல் பிடுங்க மாட்டாய் அல்லவா அம்மா என்று கேட்டேன். கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல் சொன்னாள்: "ஒண்ணு ரெண்டா ஊதினா அவருக்குப் பொடிசாத்தான் மாமா ஆவுது. கால்ல அடிபடுது, ஜொரம் வருது, அதோட நின்னுபூடுது. தப்பு என்னுதுதான். எல்லாம் முழுசா வளரட்டும். ஒரே நாள்ல ரெண்டு கண்ணையும் ஊதிட்டேன்னா கண்டி, அவரு வந்துதானே ஆவணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட எண்ணம் துளி கிடையாது, உன் மேல் அவ்வளவு ஆசை.

எப்படி வந்து சேருவாய் என்பதை அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்துவிட்டேன். அவள் கையை நான் எத்தனை நாள் காவல் காப்பது, கட்டிப்போடவா முடியும்? எடுத்துச் சொன்னேன், அதட்டினேன், உன் சித்தி அழுதாள், எல்லாவற்றுக்கும் சரி மாமா என்கிறாள், எண்ணெய் தடவுகிறாள். ஆவணி கடைசிக்குள் முழுசாக வளர்ந்துவிடும் என்பது டாக்டரம்மா சொன்ன கெடு. ஆகையால் ஒப்பந்தம், மேஸ்திரி, இரண்டு வருஷம் ஒன்றையும் பார்க்காதே. கிடைக்கிற கப்பலில் உன் இஷ்டத்தில் நீயே ஏறி வா. அழைத்து வந்தார்கள் என்று இருக்கக்கூடாது, கொண்டு வந்தார்கள் என்று இருக்கக்கூடாது.

உனக்குத் தீர்க்காயுசு உண்டாகட்டும், குலதெய்வம் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும். புறப்படும் தேதியைத் தந்தி அடி, அவள் பெயருக்கே அடி. போட்டோ கேட்டாயே, அதற்காகக் காத்திராதே. இமை முழுசாக வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
எல்லப்பன், கைடு,
மாமல்லபுரம்.